இரண்டாம் பாகம் மட்டும் வந்த பார்சல்

1

நான் டொராண்டோவுக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த வாரத்தில் ஊரிலிருந்து இரண்டு தபால்கள் வந்தன.

ஒன்று ராஜகீழ்ப்பாக்கம் வாசகர் வட்டத்தின் கடிதம். மலர் போடுகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் சமீபத்தில் படித்த நல்ல நாவல்களைப் பற்றி எழுத வேண்டுமாம். காதல் கதையும் சரித்திரக் கதையும் கலந்து இருந்தால் நல்லது என்று செயலாளர் கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: "நம் ஜமீலா அம்மையாரின் நாவலைப் பற்றியும் அவசியம் எழுதுங்கள். அவர் உங்கள் தோழிதானே."

தோழிதான். அதுதான் தொல்லை.

இரண்டாவது தபால் ஒரு பார்சல். அனுப்பியது அந்த ஜமீலாவேதான்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. நேராகச் சொல்லிவிடுகிறேன். பார்சலில் ஐந்து நாவல்கள் இருந்தன. நான்கைப் பற்றி எழுத எனக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஐந்தாவது ஜமீலா எழுதியது. அதை உங்களுக்குச் சிபாரிசு செய்வதா வேண்டாமா என்று இரண்டு மாதமாக என்னோடு நானே சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். காரணம் பொறாமை. இதைவிட மரியாதையான பெயர் ஏதாவது இருந்தால் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

2

முதலில் சுலபமான நான்கு.

"மாடி போர்ஷன்." குரோம்பேட்டையில் ஒரு வீட்டு மாடிக்குக் குடிவரும் வாத்தியாருக்கும், கீழே இருக்கும் வீட்டுக்காரர் மகளுக்கும் காதல். புதுசாக ஒன்றும் இல்லை. ஆனால் மாடிக் குழாயில் தண்ணீர் வருமா வராதா என்பதை வைத்தே எழுதியவர் கதையை நகர்த்துகிறார். மோட்டார் சுவிட்ச் அவள் கையில். கோபம் வந்தால் போடமாட்டாள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்து ஆபீஸ் போனவர்களுக்கு இந்தக் காதல் புரியும். வாங்குங்கள்.

"மூன்றாவது மதகு." சோழர் காலத்து ஏரி. மதகைத் திறந்து மூடும் காவல்காரன். அவனை விரும்பும் ஊர்க் கணக்கர் மகள். முதல் அறுபது பக்கமும் ராஜா நகர்வலம் வருகிறார், சாப்பிடுகிறார், வெற்றிலை போடுகிறார். தைரியமாகத் தாண்டுங்கள். அறுபத்தோராம் பக்கத்தில் மழை பிடிக்கும். அதற்குப் பிறகு கீழே வைக்க முடியாது. நான் இங்கே ஒரு மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். காலையில் பஸ்ஸில் நாற்பது நிமிஷம். அதுதான் நான் படிக்கும் நேரம். மதகு உடையப்போகிற அத்தியாயத்தில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், பனியில் இரண்டு ஸ்டாப் திரும்பி நடந்தேன். சூப்பர்வைசரிடம் பஸ் லேட் என்று பொய் சொன்னேன்.

"உப்புத்துறை நாயகி." வேண்டாம். நாயகி பக்கத்துக்குப் பக்கம் மின்னலாகச் சிரிக்கிறாள். இருநூற்று எண்பது பக்கம். யாருக்கும் தாங்காது.

"ஃபாஸ்ட் லோக்கல்." தாம்பரம் மின்சார ரயிலில் ஆபீஸ் போகும் இரண்டு பேர். ஒரு வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார்கள், பேசுவதில்லை. பேசும்போது பேசக்கூடாததைப் பேசுகிறார்கள். சின்னப் புத்தகம். படித்து முடித்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. அந்த ரயிலைப் பற்றி எழுத வேண்டியவர்கள் நாங்கள். நானும் ஜமீலாவும்.

3

எண்பத்திரண்டிலிருந்து எண்பத்தாறு வரை நான் பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஷிப்பிங் ஆபீசில் டைப்பிஸ்ட். ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து தாம்பரத்தில் ரயில் ஏறுவேன். ஜமீலா பல்லாவரத்தில் ஏறுவாள். அடுத்த தெருவில் இன்னொரு ஆபீசில் அவளும் டைப்பிஸ்ட்தான். அவள் அப்பாவுக்குத் தோல் மண்டியில் வேலை.

தாம்பரம் மார்க்கெட் பக்கம் நாயகம் சார் என்பவர் வாடகை நூலகம் வைத்திருந்தார். ஒரு கார்டுக்கு இரண்டு புத்தகம், மூன்று நாள். கார்டு என் பெயரில். சரித்திர நாவல் என்றால் பெரும்பாலும் இரண்டு பாகம் இருக்கும். இரண்டையும் மூன்று நாளில் ஒருத்தியே முடிக்க முடியாது. அதனால் நாங்கள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். முதல் பாகத்தை ஒருத்தி, இரண்டாம் பாகத்தை இன்னொருத்தி. ஒன்றரை நாளில் பல்லாவரம் ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வது.

முதல் பாகம் எப்போதும் எனக்கு. நாலு வருஷமும்.

ஒரு தடவை அவள் கேட்டாள்.

"வசந்தா, இந்த தடவை மொதல் பாகம் எனக்குக் குடேன்டி."

"கார்டு யார் பேர்ல இருக்கு?"

"ஒரே ஒரு தடவைடி. எல்லாக் கதையும் பாதியில பொறக்குது எனக்கு."

"மூணு நாள் பொறு. ஆரம்பம் தன்னால தெரியும்."

அப்படித்தான் சொன்னேன். நினைவு இருக்கிறது. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

4

இரண்டாம் பாகத்தை முதலில் படிப்பவளுக்கு ஒன்றும் புரியாது. ஒரு ராஜகுமாரி கையில் கத்தியோடு குகையில் நிற்பாள். ஏன் நிற்கிறாள் என்று தெரியாது. ஜமீலா அதற்கெல்லாம் கவலைப்படமாட்டாள். தானே ஒரு ஆரம்பத்தைக் கட்டுவாள். கட்டியதைப் பெண்கள் பெட்டியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுவாள்.

எங்கள் பெட்டியில் ஒரு பூக்காரம்மா வருவார். மாம்பலத்தில் விற்பதற்குத் தாம்பரத்திலிருந்தே தொடுத்துக்கொண்டு வருவார்.

"இன்னா ஜமீலா, அந்தப் பொண்ணு இன்னா ஆச்சு?"

"குகையில கத்தியோட நிக்கிறாக்கா. எப்படி வந்தாள்னா, அவ தங்கச்சிக்குப் பேசின மாப்பிள்ளைய இவ பாத்துட்டா. பாத்ததும் அவனையே பிடிச்சிப் போச்சு. கத்தி அவன் கொடுத்ததுதான்."

நான் சும்மா இருப்பேனா? உண்மையான ஆரம்பம் என் மடியில் இருக்கிறது.

"அதெல்லாம் இல்லக்கா. தங்கச்சியே கிடையாது. அவளை மாமா பல்லக்குல அனுப்பி வைக்கிறார். வழியில திருடங்க. கத்தி திருடனோடது."

"நீ சும்மா கெட" என்பார் பூக்காரம்மா, கை நிற்காமல். "திருடன் வந்தானாம், கத்திய வுட்டுட்டுப் போனானாம். ஜமீலா சொல்றதுதான் நல்லா கீது."

"புக்குல அப்படித்தான் இருக்குக்கா!"

"இருந்துட்டுப் போவட்டும். புக்கு எழுதினவன் இந்தப் பொண்ணாண்ட கேட்டு எழுதியிருக்கணும்."

பெட்டியே சிரிக்கும். கிண்டி வரும்வரை எல்லோரும் ஜமீலா பக்கம் சாய்ந்து உட்கார்ந்து கேட்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, அச்சடித்த உண்மையை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பொறாமை இப்போது வந்ததல்ல. மீனம்பாக்கத்துக்கும் கிண்டிக்கும் நடுவில் அப்போதே வந்தது.

5

இப்போது பார்சலுக்கு வருகிறேன்.

"அம்மா, பார்சல் வந்துட்டாள்" என்றாள் என் மகள் நித்யா. பதினான்கு வயது. அவள் தமிழில் எல்லாப் பொருளும் பெண். திருத்தித் திருத்தி நான் விட்டுவிட்டேன். திருத்தினால் அதுவும் பேசமாட்டாள்.

வந்தது பார்சல் இல்லை, சீட்டு. தபால் அலுவலகத்துக்குப் போய் வாங்க வேண்டும். அங்கே இருந்த பெண் உள்ளே என்ன இருக்கிறது, விற்பதற்கா, சொந்த உபயோகத்துக்கா என்று கேட்டாள். "படிக்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பதினோரு வருஷத்துக்குப் பிறகும் பதற்றம் வந்தால் வாயில் தமிழ்தான் வருகிறது. பிறகு ஆங்கிலத்தில் சொல்லி, கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டையைக் காட்டி வாங்கி வந்தேன்.

மேலே ஒரு துண்டுச் சீட்டு. "வசந்தா, படிக்கிற மாதிரி நாலு புக்கு வச்சிருக்கேன். அடியில இருக்கிறது என்னோடது. படிச்சிட்டு உள்ளதைச் சொல்லு. ஜமீலா."

அடியில் இருந்ததை எடுத்தேன். கனமான அட்டை, மலைப் படம். "தண்டு இறங்கிய மலை." தண்டு என்றால் படை முகாம். கம்பெனிக்காரன் காலத்தில் பல்லாவரத்தில் பட்டாளம் வந்து இறங்கிய கதை. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில்: இரண்டாம் பாகம்.

பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். சுற்றிய காகிதத்தை உதறினேன். முதல் பாகம் இல்லை.

மறுநாளே தபால் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு புத்தகத்தில் ஒன்று காணாமல் போய்விட்டது என்றேன். பார்சல் கிழிந்திருந்ததா என்று கேட்டார்கள். இல்லை. அப்படியானால் முதல் பாகம் உள்ளே இருந்தது என்று எப்படித் தெரியும்?

"இரண்டாவது இருந்தால் முதலாவது இருக்காதா?" என்று சத்தம் போட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். காணாமல் போன பொருளின் விவரம் என்ற இடத்தில், ஒரு கதையின் ஆரம்பம் என்று எழுத வேண்டியிருந்தது.

நீங்கள் கேட்கலாம், ஜமீலாவுக்கே ஒரு போன் செய்திருக்கலாமே என்று. செய்திருந்தால் அவளைப் பாராட்ட வேண்டியிருக்கும். எனக்கு மனசில்லை.

6

ஒரு மாதம் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. மற்ற நான்கையும் படித்து முடித்தேன். "உப்புத்துறை நாயகி"யைக்கூட முடித்தேன். அவ்வளவு வீம்பு.

நித்யா ஒரு நாள் கேட்டாள். "அம்மா, அந்தப் புக் ஏன் படிக்கல?"

"முதல் பாகம் வரல."

"ஸோ? இருக்கிறதைப் படி."

"ஆரம்பம் தெரியாம எப்படிடி படிக்கிறது?"

"நான் எப்பவும் லாஸ்ட் சாப்டர்தான் ஃபர்ஸ்ட் படிப்பேன். அப்புறம் ஃபர்ஸ்ட் என்னன்னு கெஸ் பண்ணுவேன். அதுதான் ஃபன்."

ஓங்கி ஒன்று வைக்கலாம் போல இருந்தது. என் வயிற்றில் பிறந்து, ஜமீலா மாதிரி பல்லாவரத்தில் ஏறுகிறது.

மறுநாள் பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன். பென்சிலோடு. அவள் என்னிடமிருந்து எதையெல்லாம் எடுத்திருக்கிறாள் என்று குறிக்கப்போகிறேன். நான் சொன்ன வார்த்தை, என் குணம், என் மூஞ்சி, எங்கேயாவது இருக்கும்.

முதல் வரி: "செங்கமலம் மலையிலிருந்து இறங்கி வந்தபோது அவள் கையில் ஒற்றை பூட்ஸ் இருந்தது."

தோல் மண்டிக் கணக்கரின் மகள் செங்கமலம். பட்டாளத்தில் முரசு அடிப்பவன் ஒருவன் காணாமல் போய்விட்டான். அவன் எங்கே என்று அவளுக்குத் தெரியும். பட்டாளமே கேட்கிறது, அப்பா கேட்கிறார், கட்டிக்கொள்ளப் போகிறவன் கேட்கிறான். அவள் சொல்லவில்லை. இருநூறு பக்கம் வாயை மூடிக்கொண்டே இருக்கிறாள். ஒரு இடத்திலும் சலிக்கவில்லை. தோல் ஊறும் வாடை காகிதத்திலிருந்து வருகிறது. அந்த வாடை ஜமீலாவின் அப்பா சட்டையில் இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவள் எதிரிலேயே நான் மூக்கைப் பிடித்திருக்கிறேன்.

முடிவைச் சொல்லமாட்டேன். பஸ்ஸில் அழுதேன் என்று மட்டும் சொல்கிறேன். பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி காகிதக் கைக்குட்டை கொடுத்தாள்.

பென்சில் கூராகவே இருந்தது. ஒரு கோடுகூடப் போடவில்லை. அவள் என்னிடமிருந்து எதையும் எடுக்கவில்லை. புத்தகத்தில் நான் எங்கேயும் இல்லை. திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

7

அந்த பூட்ஸ் என்னை விடவில்லை. ஒற்றை பூட்ஸ் எப்படி அவள் கைக்கு வந்தது? மலையில் என்ன நடந்தது? இரண்டாம் பாகத்தில் ஒரு வார்த்தை இல்லை. எல்லாம் முதல் பாகத்தில் இருக்கும்.

சீட்டு ஒட்டிக்கொண்டே யோசித்தேன். திடீரென்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை நினைவுக்கு வந்தது. ஆபீஸ் லீவு என்றால் நாங்கள் போவோம். பழைய சாமான்கள், பூட்டு, சாவி, கோழி, எல்லாம் ஒரே தெருவில். ஒருவர் சாக்கு விரித்து, ஒரே ஒரு பழைய பட்டாளத்து பூட்ஸை வைத்திருந்தார்.

"இதுக்கு ஜோடி எங்கண்ணா?" என்று ஜமீலா கேட்டாள்.

"ஜோடிய வேற ஆளு வச்சிக்கினு கீறாம்மா. வேணும்னா இத்த எடு, இல்லாட்டி நவுரு, வெயில் படட்டும்."

"அந்த வேற ஆளு எங்க கீறாரு?"

"தெரிஞ்சா நான் ஏம்மா ஒத்தையா குந்திகினு கீறேன்?"

நான் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டேன். ஜமீலா கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தாள். நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

அதே பூட்ஸ். அதே வெயில். நானும்தான் பார்த்தேன். அவளுக்கு அது நாவல். எனக்கு பூட்ஸ்.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வீணாய்ப்போன சீட்டுத் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். செங்கமலம் சந்தையில் அந்த பூட்ஸைப் பார்க்கிறாள். ஜோடி யாரிடம் என்று தேடுகிறாள். எழுதத் தெரியாது எனக்கு. எழுதினேன். மறுநாள் பஸ்ஸிலும் எழுதினேன்.

8

இரண்டாவது மாதம் தபால் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பார்சலில் எந்தக் குறையும் இல்லை, எடையும் சரியாக இருக்கிறது, அனுப்பியவரை விசாரிக்கவும். வேறு வழியில்லை.

பக்கத்திலிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர் கடைக்குப் போன் அட்டை வாங்கப் போனேன். "ஊருக்குக் கதைக்கவோ அக்கா?" என்று கேட்டார். கதையைப் பற்றித்தான் என்றேன். அவருக்குப் புரியவில்லை.

இங்கே சனிக்கிழமைக் காலை, அங்கே சாயந்தரம். ஜமீலா இப்போது பொழிச்சலூரில் இருக்கிறாள். அவளேதான் எடுத்தாள்.

"அடியே வசந்தா! உயிரோடதான் இருக்கியா? ரெண்டு மாசமா ஒரு லெட்டர் இல்ல."

"உன் புக்கு மொதல் பாகம் வரல. தொலைச்சிட்டாங்க. கம்ப்ளெயின்ட் கொடுத்திருக்கேன்."

"இரு இரு, ப்ளேன் போவுது."

அவள் வீட்டுக் கூரைக்கு மேல் விமானம் இறங்கும் சத்தம் என் காதில் விழுந்தது. அடங்கியதும் கேட்டாள்.

"யார் மேல கம்ப்ளெயின்ட்?"

"போஸ்ட் ஆபீஸ் மேல."

சிரித்தாள் பாருங்கள். பெண்கள் பெட்டியில் சிரிக்கிற அதே சிரிப்பு.

"அடிப்பாவி! நான் அனுப்பவே இல்லடி. மொதல் பாகம் என் அலமாரியில இருக்கு."

"வைக்க மறந்துட்டியா?"

"மறக்கல. நாலு வருஷம் எனக்கு ரெண்டாம் பாகமாவே கொடுத்தியே. ஒரே ஒரு தடவை நான் உனக்குக் கொடுத்தேன். பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வா, மாத்திக்கலாம்."

அவள் குத்திக்காட்டத்தான் செய்தாள். ஆனால் குரலில் கோபம் இல்லை. அது இன்னும் எரிந்தது.

"அந்த பூட்ஸ் எப்படி வந்துச்சு? அதையாவது சொல்லு."

"மூணு நாள் பொறு. தன்னால தெரியும்."

அவளுக்கும் நினைவு இருக்கிறது.

"நீ என்னன்னு நெனச்ச? அதைச் சொல்லு" என்றாள்.

சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் நிற்கவில்லை. சந்தை, சாக்கு, ஜோடி இல்லாத பூட்ஸ், ஜோடியைத் தேடிப் போகும் செங்கமலம், மலைமேல் அதைக் காலில் போட்டுக்கொண்டு ஒளிந்திருக்கும் முரசுக்காரன், அவன் முகத்துக்கு முன்னால் அவன் காலைத்தான் அவள் முதலில் பார்க்கிறாள் என்பது வரைக்கும் சொன்னேன். அந்தப் பக்கம் இன்னொரு விமானம் போனது.

"ஜமீலா? இருக்கியா?"

"இருக்கேன். காலை மொதல்ல பாக்கிறது எனக்குத் தோணலடி. புக்கும் வந்துடுச்சு. இனிமே மாத்தவும் முடியாது."

அந்தக் குரலில் ஒரு சின்ன எரிச்சல் இருந்தது. வேறு யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. பதினைந்து வருஷமாக நான் வளர்த்த எரிச்சல் அது.

"சரி, மேல சொல்லு" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அட்டையில் நேரம் தீர்ந்து லைன் போய்விட்டது.

9

தபால் அலுவலகப் புகாரைத் திரும்பப் பெறுவதற்கும் ஒரு படிவம் இருக்கிறது. காரணம் என்ற இடத்தில், பொருள் தொலையவில்லை, தோழியிடம் இருக்கிறது என்று எழுதினேன். அந்தப் பெண் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

மே மாதம் நித்யாவையும் அழைத்துக்கொண்டு ஊருக்கு வருகிறேன். பல்லாவரம் ஸ்டேஷனில் மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

வாசகர் வட்டத்துக்கு என் சிபாரிசு இதுதான். "தண்டு இறங்கிய மலை" இரண்டாம் பாகம் நல்ல நாவல். நான் படித்த ஐந்தில் அதுதான் முதல். இதை எழுத எனக்கு எவ்வளவு வயிறு எரிகிறது என்று உங்களுக்குத் தெரியாது. வாங்கிப் படியுங்கள்.

முதல் பாகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவள் எழுதியதை நான் இன்னும் பார்க்கவில்லை. நான் எழுதியது இதுவரை நாற்பத்திரண்டு பக்கம் வந்திருக்கிறது. அவளுடையதைப் பார்க்கிறவரைக்கும் என்னுடையதுதான் நல்லது.